தரை தொடாத குதிகால்

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து மழை. பனியன் கம்பெனிப் படியில் வழுக்கி விழுந்தேன். வலது கணுக்கால். பூரி மாதிரி வீக்கம்.

விழுந்த நேரத்தைப் பார். இன்று காலைதான் மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். "தீபாவளி போகட்டுங்க செல்வி, லைன் சூப்பர்வைசரா உங்களையே போட்டறலாம். ஆனா நாளெல்லாம் நடக்கோணும். முடியுங்களா?"

"நடக்கத்தான சார் ஆசப்படுதேன்."

கல்யாணத்துக்கு முன்னாலிருந்து ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்தே கிடக்கிறேன். எழுந்து நடமாடிச் சம்பளம் வாங்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார் இவர். நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் கூட்டிப் போனார். மூங்கில் பத்தை, முட்டை வெள்ளைக்கரு, வேஸ்ட் பனியன் துணி. துணியைப் பார்த்ததும் அந்த வலியிலும் சிரிப்பு.

"எப்படி வெச்சா வலி கம்மியா இருக்குதோ, அப்படி நீங்களே வெச்சுக் காட்டுங் கண்ணு."

வைத்தேன். விரல் கீழே, குதிகால் மேலே. சுகமாக இருந்தது. அப்படியே இறுக்கிக் கட்டிவிட்டார்.

அக்டோபர் 12, ஞாயிறு

வெயில். மாடி அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மத்தியானம் வேகிறது. கக்கூஸ் கீழே. இறங்க இவர் தோள் வேண்டும். அதற்குப் பயந்தே தண்ணீர் குடிப்பதில்லை.

வேலை: பூண்டு உரிக்க. பாவாடைக்கு நாடா கோக்க. அம்மாவுக்கு போன் (அழக் கூடாது).

வீட்டுக்கார அக்கா ஊத்துக்குளி வெண்ணெய் கொண்டுவந்தார். "ஏனுங் கண்ணு, ஊட்டுக்குள்ளயே அடஞ்சு கெடக்கறீங்க. கதவையாச்சும் தொறந்து வெய்யுங்க."

திறந்தால் எதிர்மாடிச் சுவர். மூடிவிட்டேன்.

பக்கத்துத் தையல் யூனிட்டில் மெஷின் ஓடும்போதெல்லாம் கட்டுக்குள் கால் மிதிக்கிறது. நான் சொல்லிச் செய்வதில்லை. சனியன்.

அக்டோபர் 27, திங்கள்

தீபாவளி. புதுச்சேலை கட்டிக் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். நேற்று நெருப்பெரிச்சல் போய் அதே மாதிரி மறுகட்டு. வெடிச்சத்தம் மட்டும் உள்ளே வருகிறது.

நவம்பர் 17, திங்கள்

கட்டுப் பிரித்தாயிற்று. கால் வெளுத்து, கெண்டை சூம்பி, வேறு யாருடைய காலோ. எழுந்து நின்றேன். குதிகால் தரைக்கு வரவில்லை. அழுத்தினால் முழங்கால் பின்னால் போகிறது. இவரைக் கண்டபடி கத்தினேன். வேறு யாரைக் கத்த?

சாயங்காலம் எலும்பு டாக்டர். மேசையில் பிளாஸ்டிக் பாதம், கம்பியில் கோத்தது. ஒரு பாதத்துக்கு இருபத்தாறு எலும்பாம். இத்தனை நாள் எனக்குத் தெரியாது. கணுக்கால் எலும்பைத் தொட்டுக் காட்டினார். முன்பக்கம் அகலம், பின்பக்கம் ஒடுக்கம். பாதம் மேலே மடங்கும்போது அந்த அகலப்பக்கம் இரண்டு கால் எலும்புக்கும் நடுவே போய் உட்கார வேண்டும். எனக்குப் போகவில்லை.

"ஒடஞ்சது கூடிருச்சுங்க. பின்னால குதிகால்ல பிடிச்சிருக்கற தசைநார் சுருங்கிப் போச்சு. என்ன வேலை பாக்கறீங்க?"

"ஓவர்லாக் டெய்லர்."

"அதான். பெடல்ல வெக்கற மாதிரியே வெச்சுக் கட்டிருக்கறீங்க."

வெளியே வந்து அழுதேன். சுகமாக வைக்கச் சொன்னால் என் கால் வேறு எப்படி வைக்கும்?

நவம்பர் 19, புதன்

தூறல். பாதத்தில் துண்டை மாட்டி இழுக்க வேண்டும். மாதக்கணக்கு ஆகலாமாம். உயிர் போகிறது.

என் கால் பெடல் அடிக்கும் என்று தெரிந்தால் மேனேஜர் என்னை மெஷினை விட்டு எழுந்திருக்க விடமாட்டார். ஷிப்மெண்ட் நேரம், டெய்லர் கிடைப்பதில்லை. சொல்லப் போவது: பெடல் வராது, நடை வரும். பொய்தான். சொல்வேன்.

இவரிடம் குதிகால் உயர்ந்த செருப்பு வாங்கிவரச் சொன்னேன். போட்டால் நடை நேராக இருக்கிறது!

நவம்பர் 24, திங்கள்

கம்பெனி போனேன். வாசலிலேயே இடி. செருப்பை வெளியே விட வேண்டும். எத்தனை வருடமாக விடுகிறேன், எப்படி மறந்தேன்?

உள்ளே கரண்ட் இல்லை. எல்லாரும் காற்றுக்காக வாசலில். உள்ளே நின்ற மேனேஜரிடம் ஒப்பித்தேன்.

"பெடல் சுத்தமா வரலியே சார். நடப்பேன்."

"அப்படிங்களா... செரி. செத்த உக்காருங்க, ஜெனரேட்டர் போடச் சொல்லீருக்கறன். லைனை ஒரு சுத்து நடந்து காட்டுங்க, பாக்கலாம்."

வெறுங்கால் வலி. பக்கத்தில் ஆளில்லாத மெஷின், ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஓட்டும்போது கரண்ட் போயிருக்கிறது, சுவிட்சை யாரும் அணைக்கவில்லை. நானும் பார்க்கவில்லை. கால் தானாகப் போய்ப் பெடலில் உட்கார்ந்தது. சுகமாக இருந்தது.

ஜெனரேட்டர் வந்தது. துணியில்லாமல் மெஷின் கடகடவென்று ஓடியது. விரலை மேலே எடுக்கப் பார்த்தேன். வரவில்லை.

மேனேஜர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"அட, அருமையா ஓடுதுங்களே செல்வி!"