இடது காலோடு ஒரு அணிவகுப்பு

அடியே,

இன்று காலை எங்கள் கம்பெனியில் நான் செக்கிங் பார்க்கும் மேசைக்கு ஒரு சாம்பிள் ஷூ வந்தது. பெண்கள் போடுவது, நல்ல கறுப்பு. ஒட்டிய பசையின் வாசனை இன்னும் போகவில்லை. வழக்கம்போல இடது கால் மட்டும். கையில் எடுத்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்து, "இன்னாக்கா, ஷூவுல ஜோக்கு எழுதியிருக்குதா?" என்றான். அவனுக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? சிரிப்பு அடங்கியதும் சாயந்திரத்தை நினைத்து மறுபடியும் பரபரப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. தையலைப் பார்த்தேனா இல்லையா என்றே நினைவில்லாமல் அந்த ஷூவை அடுத்த மேசைக்குத் தள்ளிவிட்டேன். இப்போது சாப்பாட்டு நேரம். டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, சாப்பிடாமல் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சாயந்திரம் உன் மகளைப் பார்க்கப் போகிறேன். அவளிடம் சொல்லவே கூடாது என்று நீ வாயடைத்து வைத்ததைச் சொல்லிவிடலாமா வேண்டாமா என்றுதான் தவிக்கிறேன். செத்துப்போனவளின் பேச்சை மீறுவது பாவமா என்று யாரிடம் போய்க் கேட்பது? சண்டை போடலாம் என்றால் எதிரில் நீ இல்லை. உட்கார்ந்தால் எழுகிறேன், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.

உன் சமீரா இப்போது ஒன்பதாம் வகுப்பு. நாம் படித்த அதே உயர்நிலைப்பள்ளிதான். காற்று திரும்பினால் இன்றைக்கும் தோல் மண்டி நாற்றம் வகுப்புக்குள் வரும். போன வாரம் பிரேயர் முடிந்து ஹெச்.எம். வராண்டாவில் நடந்து போகும்போது, அவர் பின்னாலேயே அவரைப் போலவே கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்து காட்டியிருக்கிறாள். பள்ளிக்கூடமே சிரித்திருக்கிறது. ஹெச்.எம். திரும்பிப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான், உன் வீட்டுக்காரருக்குப் போன் போய்விட்டது.

அவர் அடிக்கவில்லை. அவர் சொன்னது அடியைவிட மோசம். "உங்க அம்மி வாயத் தொறந்து ஒரு வார்த்த ஜாஸ்தி பேசமாட்டா. எவ்ளோ அமைதி! நீ யாரப் போலப் பொறந்த?" என்று கேட்டிருக்கிறார். அதிலிருந்து அந்தப் பெண் பேசுவதில்லை. வெள்ளிக்கிழமை என்னிடம் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே, "ஆன்ட்டி, நான் அம்மி மாதிரி இல்லியாமே. ஒண்ணுகூட இல்லியாமே" என்றாள்.

அமைதியாம்! நீ! நம் ஹைஸ்கூலில் யாரையாவது எழுப்பிக் கேட்டாலும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

நாம் படிக்கும்போது ஒரு ஆண்டு மாவட்டக் கல்வி அதிகாரி வருகிறார் என்று பி.டி. மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. பெண்கள் அணிவகுப்பு நடத்திக் காட்டவேண்டுமாம், அதுவும் ஷூ போட்டுக்கொண்டு. ஆம்பூர் முழுக்க ஷூ தைக்கிறார்கள், நம் காலில் மட்டும் ரப்பர் செருப்பு. எல்லாரும் முழித்துக்கொண்டு நிற்கையில் நீதான் முன்னால் போய் நின்றாய். "சார், எங்க மாமு சாம்பிள் செக்‌ஷன்ல இருக்காரு. பழைய சாம்பிளெல்லாம் மூட்டையாக் கெடக்குது. நான் கொண்டாறேன் சார்."

அதிகாரி வருவதற்கு முதல் நாள் சாயந்திரம் உன் மாமு டி.வி.எஸ்.ஸில் ஒரு சாக்கைக் கொண்டுவந்து இறக்கினார். நாம் வகுப்பறையில் கொட்டினோம். கறுப்பு கறுப்பாக, பளபளவென்று, வெளிநாட்டுக்குப் போகிற ஷூ. எனக்கு ஒன்றை எடுத்துப் போட்டேன். ஜோடியைத் தேடினேன். தேடினேன், தேடினேன்.

"ஏய், இன்னாடி இது, எல்லாம் எடது காலு!"

வெளிநாட்டுக்காரனுக்குக் காட்டும் சாம்பிளை இங்கே ஒரு காலுக்கு மட்டும்தான் தைப்பார்கள் என்பது நம் ஊரில் கைக்குழந்தைக்குத் தெரியும். மாமு வீட்டிலேயே வளர்ந்த உனக்குத் தெரியாதா? தெரியும். வீராப்பாகப் பேசின சந்தோஷத்தில் மறந்துபோயிருந்தாய். நாங்கள் எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். நீ மட்டும் ஒரு ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"ஃபாரின்காரனே ஒரு கால மட்டும் பாத்துட்டு சரின்றான். ஆபீசர் இன்னா பெரிய ஆளா? மேடை எடது பக்கம் வர்ற மாதிரி நடந்து போய்ட்டோம்னா முடிஞ்சுது. வலது கால எவன் பாக்கப்போறான்?"

நாங்கள் அதை நம்பினோம் பார், அதுதான் வேடிக்கை. மறுநாள் காலையில் நீ பி.டி. மாஸ்டரிடம் போய், "கேட் பக்கத்துலேர்ந்து வந்தா மூஞ்சில வெயில் அடிக்குது சார், வேப்பமரத்தாண்டேர்ந்து வர்றோம் சார்" என்று எவ்வளவு பணிவாகச் சொன்னாய்! இடது காலில் ஷூ, வலது காலில் செருப்பு. எல்லா ஷூவும் ஒரே அளவு வேறு. எனக்குத் தொளதொளவென்று இருந்ததால் உள்ளே பேப்பர் திணித்திருந்தேன். மேடையைக் கடந்தோம். அதிகாரி கைதட்டினார். அதோடு விட்டிருக்கலாம். பி.டி. மாஸ்டருக்குக் கைதட்டல் தலைக்கேறி, "அபௌட் டர்ன்!" என்று ஒரு கத்தல் போட்டார்.

திரும்பினோம். வரிசையாக நம் வலது கால்கள் மேடைக்கு முன்னால் போயின.

அதிகாரி எழுந்து நின்று, முன்வரிசையில் இருந்த உன்னைக் கூப்பிட்டு, "இன்னொரு ஷூ எங்கம்மா?" என்று கேட்டார். நீ விறைப்பாக நின்று சல்யூட் அடித்தாய்.

"சார், இது சாம்பிள் சார். ஆர்டர் கன்ஃபர்ம் ஆனா அடுத்த காலும் வரும் சார்."

அந்த மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

இப்படிப்பட்டவள், சமீராவைப் பள்ளியில் சேர்த்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் பொண்ணாண்ட அந்த ஷூ கதையெல்லாம் எடுத்துடாதடி. அப்புறம் எம் பேச்சு எடுபடாது" என்றாய். பாதி விளையாட்டாகத்தான் சொன்னாய். நானும் சரி என்றேன். அவள் வளர்ந்தால் நீயே சொல்லிக்கொள்வாய் என்று நினைத்தேன். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்க மாட்டாய் என்று யார் கண்டது? நீ போனதும் எல்லாருமாகச் சேர்ந்து உன்னை நல்லவளாக்கிவிட்டார்கள். பொறுமைசாலி, அடக்கமானவள், சத்தமே கேட்காது. கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல் வருகிறது. மாமியார் வீட்டில் நீ எந்த நாளில் பேச்சைக் குறைத்தாய் என்று நான் கவனிக்கவில்லையே என்று என் மேலும் எரிச்சல் வருகிறது.

மணி அடித்துவிட்டது. சாப்பாடு அப்படியே இருக்கிறது.

உன் வீட்டுக்குப் போய்விட்டு இப்போதுதான் என் வீட்டுக்கு வந்தேன். சொல்லிவிட்டேன்.

சமீரா முதலில் நம்பவில்லை. "அம்மியா? ஆபீசராண்டயேவா?" என்றாள். ஆமாம் என்றேன். "மாட்டிக்கினு அழுதாங்களா?"

"அவளா? பி.டி. மாஸ்டர் கிரவுண்டு சுத்திச் சுத்தித் தொரத்தினாரு. ஒரு கால்ல ஷூ, ஒரு கால்ல செருப்பு, அப்பவும் அவளப் புடிக்க முடியல."

அவ்வளவுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு ஓயும்போது, "அப்போ நான் அம்மி மாதிரிதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் தலையைத் தலையை ஆட்டினேன்.

உன் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மெல்ல உள்ளே வந்து, மகள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். "இதெல்லாம் எங்கிட்ட ஒருநாளும் சொன்னதே இல்லியே" என்றார். அந்தக் குரலைக் கேட்டபோது உன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இத்தனை வருடம் கூட இருந்தவருக்கு உன்னில் பாதியைத்தானே காட்டியிருக்கிறாய்!

பிறகு அவரே, "வேற எதுனா இருக்குதாம்மா?" என்று கேட்டார். சாக்பீஸ் டப்பாவில் நீ தவளையை வைத்ததைச் சொன்னேன். தமிழய்யா தூங்கும்போது மணியை அடித்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியதைச் சொன்னேன். நாளைக்கும் வரச்சொல்லியிருக்கிறார்கள்.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்தேன். நாம் சேர்ந்து படித்தது பத்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஒவ்வொரு சாயந்திரமும் ஒன்று சொன்னால் என்னிடம் இருப்பது சீக்கிரம் தீர்ந்துபோகும். புதிதாக ஒன்று செய்ய நீ இல்லை. தீர்ந்தால் தீரட்டும், அதன் பிறகு நான் புளுகப்போகிறேன். யார் யாரோ செய்த சேட்டையெல்லாம் உன் தலையில்தான் கட்டப்போகிறேன். அவர்கள் இரண்டு பேரும் நம்பிவிடுவார்கள். பொறுக்க முடியவில்லையென்றால் நீ வந்து, "ஏய் புளுகுணி, இது நானில்லடி" என்று என் முதுகில் ஒன்று வை. வாயேன்.