எண்ணிக்கையில் குறைந்த கொசு

என்னங்க,

வணக்கம். நீங்களும் பாப்பாவும் சௌக்கியமா? அவளுக்குச் சளி விட்டதா? நான் நலம்தான். நேற்று ஒரு கூத்து நடந்தது, கேட்டால் சிரிப்பீர்கள்.

நோய் பரப்பாதபடி மரபணுவை மாற்றி நாங்கள் வளர்க்கிற கொசுக்களில் ஒன்று எண்ணிக்கையில் குறைந்தது. கூண்டைக் கடைசியாகத் திறந்தவள் நான். அது வெளியே போய் மற்ற கொசுக்களோடு கலந்துவிட்டால் திரும்பப் பிடிக்கவே முடியாது. ஆய்வுக்கூடத்துக் கதவுகளை அடைத்துவிட்டு மூன்று மணி நேரம் தேடினோம்.

“ஒழுங்கா மூடினியாம்மா?” என்று தலைமை விஞ்ஞானி கேட்டார்.

“மூடின மாதிரிதான் சார் ஞாபகம்” என்றேன்.

அப்போது கழுத்தில் சுருக்கென்றது. கை தானாகப் போய்ப் பட்டென்று அடித்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்!

மரபணு மாற்றின இந்தக் கொசு இதுவரை யாரையும் கடித்ததில்லையாம், அதனால் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். சும்மா ஒரு பரிசோதனைதானாம். முடிவு இருபதாம் தேதி. அதுவரை அறையை விட்டு வெளியே வரக்கூடாதாம். போனில் சொன்னால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். அத்தையிடம் சொல்லாதீர்கள்.

ராத்திரி பேசும்போது பாப்பா தூங்கிவிட்டாலும் போனை உடனே வைத்துவிடாதீர்கள், நீங்கள் பாத்திரம் கழுவுகிற சத்தமாவது கேட்கட்டும். இருபதாம் தேதி மட்டும் லீவு போட்டுவிட்டுப் போனைக் கையிலேயே வைத்திருங்கள்.

சாப்பாடு கொண்டுவருபவர் கதவைத் தட்டுகிறார், இதை அவரிடம்தான் கொடுத்தனுப்ப வேண்டும்.

பாப்பா அம்மா