பன்னிரண்டு நிமிட ஜோடி

மார்ச் 3
பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் அடுப்படியில் நின்றிருக்கிறேன். நான் ஆராயும் நட்சத்திரக் கொத்தில் இருக்கும் என் மங்கலான எக்ஸ்ரே புள்ளி, பழைய பதிவுகளில் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒளி குறைகிறது! செத்துப்போன நட்சத்திரம் ஒன்றும் அதன் துணையும் அவ்வளவு நெருக்கமாகச் சுற்றுகின்றன என்றுதானே அர்த்தம்? இப்படி ஒரு ஜோடி கிடைப்பது அபூர்வம். விண்வெளி எக்ஸ்ரே தொலைநோக்கியில் நேரம் கேட்கும் மனுவில் இதையே முதல் வரியாக வைத்துவிட்டேன். இந்த முறையும் கிடைக்காவிட்டால் இந்தக் கொத்தை மூட்டை கட்டச் சொல்லியிருக்கிறார் துறைத் தலைவர்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "பன்னண்டு நிமிஷத்துல ஒரு சுத்தா? அதுக்குத் தலை சுத்தாதா?"

மார்ச் 4
இவரிடம் அந்த ஒளி வரைபடத்தைக் காட்டினேன். அதே தொலைநோக்கியின் கருவிகளைக் கவனிக்கிறவர், முதல் பாராட்டு இவருடையதாக இருக்கும் என்று நினைத்தேன். "ம்" என்றார். சாப்பிட்டார். தட்டைக் கழுவிவிட்டுக் கணினி முன் போய் உட்கார்ந்துகொண்டார்.

பொறாமையா? கட்டினவளிடமேவா?

மார்ச் 5
பேசவில்லை. நானும்தான்.

மார்ச் 6
கேட்டேவிட்டேன். "ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"அது நட்சத்திரம் சுத்துறது இல்லம்மா. நம்ம தொலைநோக்கி ஆடுறது."

ஐயோ. ஒளி ஒரே இடத்தில் விழுந்துகொண்டே இருக்கக் கூடாதென்று தொலைநோக்கியை வேண்டுமென்றே லேசாக ஆட்டுவார்கள். ஒரு ஆட்டத்துக்குப் பன்னிரண்டு நிமிடம். என் புள்ளி கருவியின் விளிம்பில் இருந்திருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் விளிம்பைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. மாணவர்களுக்கு நானே நடத்துகிற பாடம் — எங்கே போச்சு என் புத்தி?

"பாத்ததுமே சொல்லியிருக்கலாம்ல?"

"நான் நினைக்கிறது தப்பா இருக்குமான்னு ரெண்டு நாளா தேடினேன். தப்பா இருக்கணும்னுதான் தேடினேன்."

இந்த மனிதரை என்ன செய்வது? அழுகையும் வந்தது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்தேன்.

மார்ச் 7
மனுவின் முதல் வரியை அடித்தேன். அப்புறம் என்ன மிச்சம்? உண்மைதான் மிச்சம். அதையே எழுதினேன்: புள்ளி இதுவரை விளிம்பிலேயே மாட்டிக்கொண்டது. அதனால் அதைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது. ஒரே ஒரு முறை நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும். இவர் பிழை பார்த்துக் கொடுத்தார்.

அம்மாவிடமும் சொல்லியாயிற்று. "சுத்தலன்னா போகுது விடு. அதாச்சும் நிம்மதியா இருக்கட்டும்."

ஜூலை 18
கிடைத்துவிட்டது! "ஒண்ணும் தெரியாதுன்னு எழுதியே நேரம் வாங்கிட்டியே" என்று தலைவர் சிரிக்கிறார்.

பிப்ரவரி 9
தரவு வந்தது. இவர் வரும்வரை திறக்கவில்லை.

பன்னிரண்டு நிமிட ஏற்ற இறக்கம் துளிகூட இல்லை. ஆனால் ஓரிடத்தில் புள்ளி சட்டென்று அணைந்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எரிகிறது. ஐந்து மணி நேரம் போனதும் அதேபோல் இன்னொரு முறை. துணை குறுக்கே வந்து மறைக்கிறதோ? வாயைத் திறக்கவே பயமாக இருந்தது.

என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு இவர் உட்கார்ந்தார். ஆட்டத்தைச் சரிபார்த்தார். விளிம்பைப் பார்த்தார். பக்கத்துப் புள்ளிகளும் அந்நேரம் மங்கினவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது நம்ம ஆட்டம் இல்ல. அதுங்களோடதுதான்."

போனை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "அம்மாகிட்ட இந்தத் தடவ நீங்களே சொல்லுங்க."