பெண்கள் பக்கத்துச் சுவர்

அக்கா,

இன்று காலை நம் சபையின் கன்வென்ஷன் கூட்டம் நடக்கிற திடலுக்குப் போயிருந்தேன். கூட்டம் தொடங்க இன்னும் சில நாள்தான். கிணற்றடித் தொட்டியில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அது பொங்கிக் கிளம்பிய வாடை மூக்கில் ஏறியதும் அங்கேயே நின்றுவிட்டேன். நீங்கள் கேட்ட சுவருக்குத்தான் அந்தச் சுண்ணாம்பு. சுவர் எழும்பிச் சில வருஷம் ஆகிவிட்டது. அந்த நாளை மட்டும் என்னால் இன்னமும் நம்ப முடியவில்லை.

பக்கத்து வீடு என்கிற உறவில், வேதம் வாசிக்க எழுத்துக்கூட்டிப் பழகிக்கொண்டிருந்த என்னை நீங்கள் முதலில் அங்கே கூட்டிப் போனபோது அது திடலே இல்லை. சிங்கவரம் போகிற வழியில் பாறையும் முள்ளுமாகக் கிடந்த கடலைக் களம். "சாமி பேரச் சொல்றதுக்குத்தானே, எடுத்துக்குங்க" என்று கடலை மண்டிக்காரர் ஒருவர் விட்டுக்கொடுத்த இடம். முள் வெட்டினோம். கிணற்றைத் தூர் எடுத்தார்கள். புளியமரத்தில் தண்டவாளத் துண்டைக் கட்டி மணியாக்கினார்கள். கீற்றுப் பந்தலுக்குள் ஆண்கள் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம், நடுவில் கயிறு.

வருஷத்துக்கு ஒன்றாக வசதி வந்தது. சமையல் கொட்டகைக்குக் கூரை, மேடைக்குச் சிமெண்டு, பிரசங்கம் பண்ண வருகிறவர் தங்க ஓடு வேய்ந்த அறை. பெண்கள் குளிக்கிற இடத்துக்கு மட்டும் அதே கீற்றுத் தட்டி. காற்றடித்தால் சாயும். எதிர்ப் பாறையில் ஆடு மேய்க்கிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கூட்டம் முடிகிற வரை பாதிப் பேர் முகம் கழுவிக்கொள்வதோடு சரி.

சமையல் சாமான் கணக்கு என்னிடம் இருந்ததால் என்னைக் கேலி பண்ணாமல் விடமாட்டீர்கள். "நீ பரலோகம் போனாக்கூட வாசல்ல நின்னுக்கினு, எத்தினி பேருக்கு உலை வெக்கணும்னுதான் கேப்ப" என்பீர்கள்.

அந்த வருஷம் கமிட்டி பேசிக்கொண்டிருந்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து நீங்கள் எழுந்து நின்றீர்கள். அங்கே அப்படி யாரும் நின்றதில்லை. குளிக்கிற இடத்துக்குச் சுவர் வேண்டும் என்றீர்கள். கமிட்டித் தலைவர் சிரித்த முகமாகவே, அடுத்த வருஷம் பார்க்கலாம், நீங்கள் ஜெபம் பண்ணுங்கள் என்றார்.

"பண்றேங்க. கட்டறோம்னு நீங்க சொல்ற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்."

பந்தலே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள்.

மறுநாள் உபவாச ஜெபம். கத்திரி வெயிலில் பாறை அனலாய் வீசியது. என் பக்கத்தில் முழங்கால் போட்டு, உங்கள் டிரங்குப் பெட்டியின் மேல் கைகளை மடித்து, அதில் முகத்தைப் பதித்து, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டீர்கள். மத்தியானம் உபவாசம் முடிந்ததென்று தண்டவாளம் அடித்தது. எல்லாரும் எழுந்தோம். நீங்கள் எழவில்லை.

ஜெபத்தில் இருக்கிறவர்களைத் தொடக்கூடாது என்பது நம் திடலின் வழக்கம். சுற்றிக்கொண்டுதான் போவோம். நானும் சுற்றிக்கொண்டுதான் போனேன். பந்தியில் தலைவருடைய வீட்டம்மா, "உங்கக்கா சொன்னா சொன்னதுதான் போலக்குதே" என்றார். ஆண்கள் பந்திக்கும் செய்தி போய், அங்கேயும் ஒரே சிரிப்பு. கடைசியில் தலைவரே கை கழுவிக்கொண்டு வந்து, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, எல்லார் காதிலும் விழச் சொன்னார்: "சரிம்மா, கட்டிடறோம். எழுந்து சாப்பிடுங்க."

நீங்கள் அசையவில்லை.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, அக்கா. உங்களுக்கென்று மூடி வைத்திருந்த இலையை ஏந்திக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். "ஜெயிச்சிட்டீங்கக்கா, எழுந்திருங்க" என்று தோளில் கை வைத்தேன். அப்படியே என் மடியில் சரிந்தீர்கள். கண் பாதி திறந்திருந்தது. இலையிலிருந்த சோறு உங்கள் சேலையெல்லாம் கொட்டியது. அதை அவசர அவசரமாகத் துடைத்துக்கொண்டிருந்தேன், வேறு என்ன செய்வதென்று தெரியாமல்.

மாரடைப்பு, முழங்கால் போட்ட கொஞ்ச நேரத்திலேயே மூச்சு நின்றிருக்கும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். ஜெபத்திலேயே ஆண்டவர் எடுத்துக்கொண்டார், எப்பேர்ப்பட்ட பாக்கியம் என்றார்கள் சபையார். நான் விசுவாசிதான். ஆனாலும் அந்த வார்த்தை எனக்குள் இறங்கவில்லை. அவ்வளவு நேரமும் உங்கள் முழங்கை என் முழங்கையோடு ஒட்டியிருந்தது. நான் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். உயிர் போவதற்கு ஒரு சத்தமாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

தலைவர் சொன்ன சொல் தவறவில்லை. மழைக்கு முன்னால் செங்கல் வந்து இறங்கியது. சுவர் நல்ல உயரம். இப்போது பெண்கள் பட்டப்பகலில் குளிக்கிறார்கள், உள்ளே ஒரே பேச்சும் சிரிப்பும். அவர் வாக்குக் கொடுத்தபோது அதைக் கேட்கத்தான் நீங்கள் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தும், நம் சபைக்குப் புதிதாக வாழ வந்த பெண்ணொருத்தி முழங்காலிலேயே இருந்தாள். எல்லாரும் சுற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு அப்படிப் போக மனசு வரவில்லை. ஜெபத்தில் இருக்கிறவர்களை இப்படித் தொடுவதற்காகப் போதகர் என்னை முன்பே கண்டித்திருக்கிறார். ஆனாலும் போய் அவள் தோளைத் தொட்டேன்.

வெடுக்கென்று திரும்பினாள். "இன்னாம்மா நீங்க, ஜெபம் பண்ணிக்கினு இருக்கேன் இல்ல?"

அவள் மூச்சு சூடாக என் கையில் பட்டது.

"ஒண்ணுமில்லம்மா, நீ பண்ணு" என்று சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.