கோழிக்குச் சொன்ன வெங்காயச் சேதி

டிச. 3, புதன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. வெங்காயம் சேர்த்துவைக்கும் பட்டறைக்குக் கீற்று போதாதென்று வீட்டுக்காரர் தார்ப்பாயைத் தரைவரைக்கும் இழுத்துக் கட்டிவிட்டார்.

"காத்துப் போகாட்டி வெங்காயம் வேர்த்துரும்ங்க."

"நனைஞ்சா மட்டும் நல்லாருக்குமாக்கும்."

சரி. இவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

உள்ளே இருப்பது எல்லாம் தைப் பட்டத்துக்கு விதை. கெட்டால் நடவு கிடையாது. ஒரே பட்டறை, நடுவில் ஒரு தட்டி. வடபாதி இவர் அண்ணன் வீட்டுக்கு, தென்பாதி எங்களுக்கு. கிணற்றுத் தண்ணீர் முறையில் சண்டை வந்து பேச்சு நின்றது. பட்டறையைப் பிரிக்க மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை.

டிச. 5, வெள்ளி

மழை விட்டது. வாடைக்காற்று. பட்டறையில் அழுகல் நாற்றம். காற்று வடக்கேயிருந்து வருகிறது, அவர்கள் பாதியாகத்தான் இருக்கும். ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதெல்லாம் போகும். தட்டியா தடுக்கப்போகிறது?

சொல்லியாக வேண்டும். எப்படி? மேரி அக்கா, இவர் அண்ணன் மனைவி, அவள் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் தீனி போட்டபடி சத்தமாக: "ஏ கோழி, வடக்குப் பக்கம் நாத்தம் தாங்கல. செத்த பிரிச்சுப் பாத்தா என்னவாம்?"

உடனே அவள் தன் ஆட்டிடம்: "ஏ ஆடு, கேட்டியா? நம்ம வீடு நாறுதாம். மணக்குற மகராசி சொல்றா."

பாத்திரம் டங்கென்று விழுந்தது. நல்லதுக்குத்தானே சொன்னேன். அழுகையே வந்துவிட்டது.

டிச. 7, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை. அக்கா எனக்கு முன் பெஞ்சு. சமாதானம் சொல்லும்போது எல்லாரும் திரும்பிக் கும்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை. எனக்கும் ஜெபத்தில் மனசில்லை, வெங்காயத்திலேயே கிடந்தது.

வாங்க: உப்பு, தீப்பெட்டி, குருணை.

சாயங்காலம் நாற்றம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. "அவுக பாதியில கை வெச்சா வெட்டுக்குத்துதான்" என்கிறார் இவர். கையைப் பிசைந்துகொண்டு இருக்கிறோம்.

டிச. 8, திங்கள்

வெயில். இவர் திண்டுக்கல் பஸ் ஏறியதும், எங்கள் பாதியையாவது பார்ப்போம் என்று தார்ப்பாயை அவிழ்த்தேன். சூடு முகத்தில் அடித்தது. கையை விட்டால் கொழகொழ. அழுகியது எங்களுடையது. தட்டியைத் தாண்டி அவர்கள் பக்கமும் போயிருக்கிறது.

இதைக் கோழியிடம் சொல்ல முடியாது. அவள் வாசலில் போய் நின்றேன்.

"அக்கா, எங்க பக்கந்தான். உங்களுதையும் கெடுத்துருச்சு."

பார்த்தாள். முறத்தோடு வந்தாள், நடுத்தட்டியைப் பிடுங்கி எறிந்தாள். எதிரெதிரே உட்கார்ந்து பொறுக்கினோம். நல்லதெல்லாம் ஒரே குவியல், யாருடையது என்று பார்க்கவில்லை. தேறியது சொற்பம். ஒரு வீட்டு நடவுக்கே காணாது.

பொழுது சாய எழுந்தாள். என் பக்கம் திரும்பாமல் ஆட்டிடம்:

"ஏ ஆடு, காலையிலருந்து பச்சத்தண்ணி குடிக்கல அவ. பானையில சோறு கெடக்குன்னு சொல்லு."