கணக்கில் சேராத முப்பத்தொரு பேர்

ஜனவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே சண்டையாகிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்த்துவிட ஆள் இல்லாவிட்டால் நீயே தேய், கை தேய்ந்துவிடாது.

மாவட்ட அரையாண்டு அறிக்கை என் மேஜையில் கிடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் எத்தனை பேர் கல்லூரிக்கோ வேலைக்கோ தயார் என்று நாற்பத்திரண்டு பள்ளிகளுக்கும் விகிதம் போட வேண்டும். மதிப்பீட்டு அலுவலர் வேலை இதுதான், கண் பூத்துவிட்டது. தலைமை ஆசிரியர் அவர்களே, உன் பள்ளி தொண்ணூற்றிரண்டு சதவீதம். மேலதிகாரி, "உங்க தம்பி கலக்குறாரே மேடம்"னு சொன்னார். எனக்கும் உச்சி குளிர்ந்ததுதான்.

அப்புறம்தான் பார்த்தேன். ஜூனில் நூற்றுப் பதினெட்டு பேர், இப்போது எண்பத்தேழு. முப்பத்தொரு பேர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போயிருக்கிறார்கள். வேறு எந்தப் பள்ளியிலும் அவர்கள் சேர்ந்ததாகத் தெரியவில்லை. எங்கே போனார்கள்?

உன் அக்கா

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்குத் தைலம் நான்தான் தேய்க்கிறேன். ஆனால் பெருமையெல்லாம் உனக்குத்தான். "பெரியவ வாங்கி அனுப்புன தைலம்"னு பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். வகுப்புக்கு வாரம் ஒரு நாள் வந்தால் அதிசயம். மாற்றுச் சான்றிதழ் வாங்கியவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று விதி எழுதியதே நீதானே? பிழைப்புத் தேடிக் குடும்பம் இடம் மாறினால் பள்ளி எதற்குத் தலைகுனிய வேண்டும் என்று நான் புலம்பிய பிறகு எழுதினாய். நல்ல விதி. அப்படியே இருக்கட்டும்.

களைப்பாக இருக்கிறது அக்கா. காலையில் பாடம், மத்தியானம் படிவம், சாயங்காலம் உன் ஆபீசுக்குப் பதில். எந்த நேரத்தில் நான் வாத்தியார் என்றே புரியவில்லை.

தம்பி

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

விதி என்னுடையதுதான்.

பள்ளியை விட்டவர்கள் என்ன செய்கிறார்கள் என்று போன் போட்டுக் கேட்பதும் எங்கள் வேலைதான். உன் முப்பத்தொரு பேருக்கும் நானே போட்டேன். பதினான்கு பேர்தான் எடுத்தார்கள். ஒரு பெண் துணிக்கடையில் புடவை மடித்து அடுக்குகிறாள். அவர்களாகவே வேலைக்குப் போய்விட்டார்கள் என்கிறாய் நீ. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சார்தான் மேடம் டிசி வாங்கிக்கச் சொன்னாரு. நான் எப்படியும் ஃபெயில்தான், ஸ்கூலுக்குக் கெட்ட பேர் வந்துடும்னாரு. அப்பாவும் கையெழுத்துப் போட்டுட்டாரு. ஏன் மேடம், இன்னமும் பரீட்சை எழுத முடியுமா?"

மற்றவர்களில் ஒன்பது பேர் சொன்னதும் இதேதான்.

இந்த மாதம் 28ஆம் தேதிவரை பெயரை மறுபடி சேர்க்கலாம். சேர்த்தால் ஏப்ரலில் எழுதுவார்கள். நீயே சேர்த்துவிடு. நான் சொல்லிச் சேர்த்ததாக இருக்க வேண்டாம்.

அக்கா

பிப்ரவரி 9

அக்கா,

அந்த முப்பத்தொரு பேரையும் கூட்டிப் பார்த்தாயா? நூற்றுப் பதினெட்டில் எண்பது பேர் தயார் என்றால் அறுபத்தேழு சதவீதம் சொச்சம். எழுபதுக்குக் கீழே போனால் பதினொன்று, பன்னிரண்டு இரண்டையும் மூடிவிட்டு டவுன் பள்ளியோடு சேர்க்கச் சொல்லி உங்கள் ஆபீசிலிருந்துதான் கடிதம் வந்திருக்கிறது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய பள்ளிக்குப் பெண் பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்? முப்பத்தொரு பேரைப் பிடித்து வைத்தால், அடுத்த வருஷம் அறுபது பெண்கள் வீட்டில் உட்காருவார்கள்.

ஆமாம், நான்தான் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். ஒவ்வொரு அப்பாவையும் எதிரில் உட்கார வைத்துச் சொன்னேன். நாக்கு கூசத்தான் செய்தது. உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

இந்த ஒரு வருஷம் கண்டுகொள்ளாதே. தம்பி என்ற முறையில் இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை.

பிப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை நாலு நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். நீ சொல்வதில் பாதி நியாயம். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஆனால் அடுத்த வருஷப் பெண்களுக்காக இந்த வருஷப் பெண்ணிடம் "நீ வேண்டாம்" என்று சொல்ல உனக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை.

இன்று காலை அறிக்கையை அனுப்பிவிட்டேன். எங்கும் சேராத முப்பத்தொரு பேரையும் கணக்கில் கொண்டுவந்தேன். விதி எழுதியது நான், அது தப்பு என்றும் என் பெயர் போட்டே எழுதியிருக்கிறேன். மேல்வகுப்பை மூடக் கூடாது என்று தனியாக ஒரு பக்கம் எழுதினேன். யார் படிப்பார்கள் என்று தெரியாது.

என் மேல் கோபப்படு, திட்டு. ஆனால் 28ஆம் தேதியை விட்டுவிடாதே. அந்தப் பிள்ளைகள் உன் பிள்ளைகள். நீ போய்க் கூப்பிட்டால்தான் வருவார்கள், நான் கூப்பிட்டால் வரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? சேர்ந்தே வீடு வீடாகப் போகலாம்.

உன் அக்கா

மார்ச் 2

பெறுநர்: மதிப்பீட்டு அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலகம்

பொருள்: பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் பெயர்களை மீண்டும் சேர்த்தல்

ஐயா / அம்மையீர்,

தங்கள் அறிக்கையில் குறிப்பிடப்பட்ட, பெயர் நீக்கப்பட்ட முப்பத்தொரு மாணவரில் இருபத்தாறு பேரின் பெயர்கள் பிப்ரவரி 28 மாலைக்குள் மீண்டும் சேர்க்கப்பட்டன. அனைவரின் வீட்டுக்கும் தலைமை ஆசிரியர் நேரில் சென்றார். மூன்று மாணவிகளுக்குத் திருமணம் ஆகிவிட்டது. புகுந்த வீட்டில் அனுப்ப மறுத்தனர். இரண்டு மாணவரின் குடும்பம் எங்கே சென்றது என்று தெரியவில்லை. துணிக்கடையில் வேலை செய்த மாணவி அழைத்த அன்றே வந்துவிட்டாள்.

சேர்க்கப்பட்டவர்களுக்குத் தினமும் மாலை இரண்டு மணி நேரம் தனி வகுப்பு நடக்கிறது. தலைமை ஆசிரியரே எடுக்கிறார்.

மேல்வகுப்புகளை மூடும் ஆணை நேற்று கிடைத்தது. அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது.

இது தொடர்பான கடிதங்களை இனி பள்ளி முகவரிக்கு மட்டும் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். வீட்டு முகவரிக்கு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமை ஆசிரியர்