தாளில் இல்லாத பெயர்

ஜூன் 3, 2024

பங்காருபேட்டை ஸ்டேஷன் படிக்கட்டில் மயங்கி விழுந்து இன்றோடு ஒன்பது நாள். பெங்களூரு டாக்டர் படத்தைக் காட்டி விளக்கினார். என் இதயத்தின் நடுச்சுவர் பத்தொன்பது மில்லிமீட்டர் தடிமன். பன்னிரண்டுக்குள் இருக்க வேண்டியது. பரம்பரையாக வருவதாம். உப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் தினமும் நடக்க வேண்டும். ஓடக் கூடாது, பளு தூக்கக் கூடாது. அறுபத்துமூன்று வயதில் இதிலெல்லாம் எனக்குப் பெரிய இழப்பில்லை.

கடைசியாகக் கேட்டதுதான் உறுத்துகிறது. "உங்க வீட்ல சின்ன வயசுல திடீர்னு யாராவது இறந்திருக்காங்களா?"

"மைன் தூசு, டாக்டர்" என்றேன். யோசிக்காமலே. தங்கச் சுரங்க ஊர்க்காரனின் பதில்.

ஜூன் 5

டாக்டருக்காகத் தாளில் எழுதினேன். தாத்தா, 46. அப்பா, 44. பெரியப்பா, 49. அண்ணன் தசரதன், 39. அண்ணன் 1998இல் ஷிப்ட் முடிந்து, சுரங்கத்திலிருந்து ஆளேற்றும் கேஜிலிருந்து இறங்கி, பக்கத்திலிருந்தவரிடம் தீப்பெட்டி கேட்டுக்கொண்டே சரிந்தவர்.

தூசு நோய் மெல்லக் கொல்லும். வருடக்கணக்கில் இருமவைக்கும். இந்த ஊரில் அப்படிப் போனவர்கள் எத்தனையோ பேரைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டில் யாரும் இருமிச் சாகவில்லை. இருபத்தாறு வருடமாக இதை நான் கவனிக்கவில்லை.

கீழே அண்ணன் மகன் உதய், 28. சனிக்கிழமை ஃபுட்பால். தினமும் காலை ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. எழுத வேறு பெயரில்லை.

ஜூன் 9

பாலகாட் போய் அண்ணியிடம் சொன்னேன். பாப்பம்மா அண்ணி குரலை உயர்த்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"இன்னா தம்பி, மைன் தூளு அவரத் தின்னுடுச்சின்னு பேப்பர்ல எழுதுனது நீங்கதானே? அத வெச்சிகினுதான் இத்தினி வருசம் தல நிமிந்து நின்னேன். இப்ப வந்து ரத்தத்துலயே கோளாறுங்கறீங்க. எம்புள்ளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

உதய்க்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. தெரிந்துதான் போனேன்.

காபி கொடுத்தார். சர்க்கரை இல்லை. மறந்தாரா, கோபமா? கேட்கவில்லை.

ஜூன் 16

இந்து வந்தாள். அண்ணனின் மகள், உதய்க்கு அக்கா, பங்காருபேட்டையில் டீச்சர். எனக்காக உப்புக் குறைத்த குழம்பு. மேடேறி வந்தவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து ஐந்து நிமிடம் மூச்சு வாங்கினாள். "ஒடம்பு ஏறிப்போச்சு சித்தப்பா. அம்மாவ விடுங்க, தம்பிய நான் இட்டாறேன்."

ஜூன் 22

உதய் இன்றும் ஆடினானாம். இரண்டு கோல்.

ஜூன் 29

உதய்க்கு ஒன்றுமில்லை. ஒன்பது மில்லிமீட்டர். அவன் தோளைப் பிடித்து அழுத்தினேன். அதோடு வெளியே வந்திருப்போம்.

கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு அக்கா சார். ஆனா இது எங்க வீட்ல ஆம்பளைங்களுக்குத்தானே வருது?"

"யார் சொன்னாங்க?"

அவன் என்னைப் பார்த்தான்.

நான் சொல்லவில்லை. ஒருபோதும் சொல்லவில்லை. ஆனால் மேசையில் என் தாள் கிடந்தது. ஐந்து பெயர்கள், ஐந்தும் ஆண்கள். சுரங்கத்தில் இறங்கியவர்கள் ஆண்கள், அதனால் தூசு தின்றதும் ஆண்களை. தூசு என்ற காரணத்தை அடித்துவிட்டேன், அது போட்ட பட்டியலை அடிக்கவில்லை. மரகதம் அத்தை 31 வயதில் குழாயடியில் குடத்தோடு விழுந்து செத்தாரே? பேய் அடித்தது என்றார்கள். அவரை எழுதினேனா?

இந்து பத்தாம் வகுப்பில் பிரேயரில் மயங்கினாள். ரத்தம் கம்மி என்று பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தது நான். போன வாரத்துக்கு முன் வாரம், என் வாசற்படியில் — எழுதி வெச்சிருக்கேனே, என் கையாலயே எழுதி வெச்சிருக்கேனே. இன்னா மனுசன் நான்?

ஜூலை 6

இந்து: இருபத்துநான்கு மில்லிமீட்டர்.

ஜூலை 12

இரண்டு நாள் மார்பில் ஒட்டி எடுத்த பதிவில் இருமுறை துடிப்பு கட்டுமீறி ஓடியிருக்கிறது. ஒருமுறை, அவள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது. தோளுக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு கருவி வைக்க வேண்டும். துடிப்பு தறிகெட்டால் அதுவே ஓர் அதிர்ச்சி கொடுத்து மீட்கும்.

"பசங்க கேட்டா, உள்ள வாட்ச்மேன் போட்டுக்கீறேன்னு சொல்லிடறேன் சித்தப்பா."

அவளே சிரித்துக்கொண்டாள். அண்ணி ஆஸ்பத்திரி வராந்தாச் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

ஜூலை 24

வைத்தாயிற்று. சில வாரங்களுக்கு இடது கையை உயர்த்தக் கூடாது. அண்ணிதான் தலை வாரிவிடுகிறார்.

உதய்க்குப் பார்த்த பெண்வீட்டார் போன் எடுப்பதில்லை. அண்ணிக்கு முன்னால் யாரும் அதைப் பேசுவதில்லை.

ஆகஸ்ட் 18

அண்ணன் திதி. ஆண்டர்சன்பேட்டையிலிருந்து பெரியப்பா பேரன் மனோகர் குடும்பத்தோடு வந்திருந்தான். அவன் மகனுக்குப் பதினாறு, மகளுக்குப் பன்னிரண்டு. இலை போட்டு உட்கார்ந்ததும் மெதுவாக என்னைக் கேட்டான்: "பையன மட்டும் காட்டினா போதும்ல சித்தப்பா?"

நான் வாயெடுப்பதற்குள், சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்தார்.

"ரெண்டையும் இட்டுகினு போ. பொண்ண மொதல்ல காட்டு."

மனோகரின் மாமியார் விஷயம் தெரியாதவர். "ஏம்மா, அவரு மைன் தூளுலதானே போனாரு?" என்றார்.

அண்ணி என் பக்கம் திரும்பவில்லை. அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

"இல்லீங்க. நெஞ்சு" என்றார்.